வடிசாலைக்குள் வெளியாள்

ஸ்காட்லாந்தின் விஸ்கி வடிசாலைகளைச் சுற்றிப் பார்க்க வருவோர் கணக்கு 2019இல் 20 லட்சத்தைத் தாண்டியது. சீட்டு வாங்கி உள்ளே போனால், பார்லி முளைகட்டும் தளம், ஊறல் தொட்டி, செப்பு வாலை, பீப்பாய்க் கிடங்கு என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். கடைசியில் சுவைக்கும் அறையில் உட்காரவைத்து இரண்டு மூன்று வகைகளை ஊற்றித் தருகிறார்கள். இந்த ஏற்பாடு மிகப் புதியது. 1969இல்தான் முதல் வடிசாலை ஒன்று பொதுமக்களுக்கென்று வரவேற்புக்கூடம் திறந்தது. அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளில் வடிசாலைக்குள் ஓயாமல் வந்துபோன வெளியாள் கலால் அதிகாரி ஒருவர்தான். விஸ்கியின் வரலாற்றைச் சரக்கின் தரத்தையும் வணிகத்தையும் வைத்துச் சொல்வது வழக்கம். வாசலில் யாரை விட்டார்கள், உள்ளே வந்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை வைத்தும் அதைச் சொல்ல முடியும்.

தொடக்கத்தில் இது மடங்களிலும் மருத்துவர்களிடமும் இருந்த தொழில். ஜான் கோர் என்ற துறவிக்கு ‘அக்வா விட்டே’ வடிக்க எட்டு ‘போல்’ அளவு மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, கொடுத்ததாக 1494ஆம் ஆண்டுக் கருவூலக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது. பார்லியிலிருந்து சாராயம் வடித்ததற்கு ஸ்காட்லாந்தில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுவே. 1505இல் எடின்பரோ நகரில் இதை வடிக்கும் உரிமை நாவிதரும் அறுவை மருத்துவரும் சேர்ந்த சங்கத்துக்கு வழங்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் வடித்தல் குடியானவர் வீடுகளுக்கு, குறிப்பாக வடக்கே ஹைலேண்ட்ஸ் மலைநாட்டுக்கு, பரவிவிட்டது. அறுவடையில் மிஞ்சிய பார்லி அந்த ஈரக் காற்றில் கெட்டுப்போகும். வடித்து வைத்தால் கெடாது, தூக்கிச் செல்லவும் எளிது, விலையும் கூடுதல். வடித்தபின் தங்கும் சக்கை குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீவனமாயிற்று. விஸ்கி விற்ற காசில்தான் பலரும் நிலக் குத்தகையைக் கட்டினார்கள்.

இந்த வீட்டுத் தொழிலின் மேல் அரசு படிப்படியாகக் கை வைத்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1644இல் முதல் வரியைப் போட்டது. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு, மால்ட்டுக்கும் வரி வந்தது. 1725இல் அதை எதிர்த்துக் கிளாஸ்கோவில் கலவரமே நடந்தது. வீட்டுக்கென்று வடிப்பதும் 1781இல் தடை செய்யப்பட்டது. 1784ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, மேலே உள்ள மலைநாட்டுக்கு ஒரு வரி, கீழே உள்ள சமவெளிக்கு வேறு வரி என்றது. வாலையின் கொள்ளளவைப் பார்த்து உரிமக் கட்டணம் விதித்தபோது, சமவெளி வடிப்போர் அகலமாகவும் ஆழமில்லாமலும் வாலை செய்து, சில நிமிடங்களுக்கு ஒரு தரம் காய்ச்சி இறக்கினார்கள். சட்டத்துக்கு உட்பட்ட அந்தச் சரக்கு வாயில் வைக்க முடியாததாக இருந்தது. மலைநாட்டில் மெதுவாக வடித்த கள்ளச் சரக்குக்கு நகரங்களில் மதிப்பு கூடியதற்கு வரி போட்டவர்களே காரணம்.

1820களில் ஆண்டுக்கு 14,000 கள்ள வாலைகள் வரை பிடிபட்டதாகவும், அப்படியிருந்தும் நாட்டில் குடித்த விஸ்கியில் பாதிக்கு மேல் வரி கட்டாதது என்றும் சொல்லப்படுகிறது. ஓடையோரப் பள்ளங்களிலும் குகைகளிலும் வாலை வைத்தார்கள். புகை தெரியாமலிருக்க ஜுனிபர் விறகு எரித்தார்கள். சரக்கைக் குதிரை முதுகில் ஏற்றிக் கூட்டமாகச் சமவெளிக்கு இறங்கினார்கள். கள்ள வாலையைக் காட்டிக் கொடுப்பவருக்கு அரசு பரிசு அறிவித்தபோது, தேய்ந்துபோன செம்புச் சுருளைத் தாங்களே ‘கண்டுபிடித்து’ ஒப்படைத்து, கிடைத்த பணத்தில் புதுச் சுருள் வாங்கியதாகவும் கதைகள் உண்டு. ஆவியைக் குளிர்வித்துச் சாராயமாக இறக்கும் அந்தச் சுருள்தான் வாலையில் விலை கூடிய பாகம் என்பதால் கதை நம்பும்படியாகவே இருக்கிறது. நிலக்கிழார்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள், வாலை அணைந்தால் குத்தகை வராது. வழக்கு விசாரிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் பல சமயம் அதே நிலக்கிழார்தான்.

அந்தக் காலத்து வடிசாலைக்கு வந்த வெளியாளை எப்படி வரவேற்றார்கள் என்பதற்குக் கார்டூ பண்ணைக் கதை ஒன்று போதும். ஸ்பே ஆற்றுக்கு மேலே இருந்த அந்தப் பண்ணையை ஜான் கமிங் 1811இல் குத்தகைக்கு எடுத்தார். வடிப்பு வேலையைப் பெரும்பாலும் பார்த்தவர் அவர் மனைவி ஹெலன். அந்த வட்டாரத்தில் விடுதி கிடையாது. ரோந்து வரும் கலால் அதிகாரிகள் இவர்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அவர்கள் வருவது தெரிந்ததும் ஹெலன் வடிப்புச் சாமான்களை ஒளித்துவிட்டு ரொட்டி சுடத் தொடங்கிவிடுவார். ஊறலின் புளித்த வாடைக்கு ரொட்டிமாவு நல்ல காரணம். அதிகாரிகளைச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்த கையோடு பின்பக்கம் போய்க் களஞ்சியத்தின் மேல் சிவப்புத் துணி ஒன்றை ஏற்றுவார். அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் வாலை வைத்திருந்தவர்களுக்கு அது எச்சரிக்கை. விருந்தினர் வயிறார உண்டு முடிப்பதற்குள் சுற்று வட்டாரமே சுத்தமாகிவிடும். விஸ்கித் தொழிலின் முதல் விருந்தோம்பல் இது என்றால் தவறில்லை. விருந்தாளிக்குச் சரக்கைத் தவிர எல்லாம் கிடைத்தது.

சட்டம் 1823இல் மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு எடின்பரோவுக்கு வந்த மன்னர் நான்காம் ஜார்ஜ் கிளென்லிவெட் விஸ்கியைக் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பது பிரசித்தம். கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் வடித்தது அன்று முழுக்கக் கள்ளச் சரக்கு. அங்கே நிலம் வைத்திருந்த கோர்டன் பிரபு, நியாயமான வரி வைத்தால் கள்ள வடிப்பை ஒடுக்கத் துணை நிற்பதாகப் பிரபுக்கள் சபையில் வாதாடினார். புதிய சட்டப்படி ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம், அதற்கு மேல் வடித்த அளவுக்கு வரி. வாலை 40 கேலனுக்குக் குறையக் கூடாது. அந்தப் பிரபுவின் குத்தகையாளரான ஜார்ஜ் ஸ்மித் 1824இல் கிளென்லிவெட்டின் முதல் உரிமத்தை எடுத்தார். கள்ள வடிப்பில் இருந்த அக்கம்பக்கத்தார் வடிசாலையைக் கொளுத்திவிடுவதாக மிரட்ட, அபர்லூர் நிலக்கிழார் கொடுத்த இரண்டு கைத்துப்பாக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டே அவர் பல ஆண்டுகள் நடமாடினார். கமிங் குடும்பமும் அதே 1824இல் உரிமம் எடுத்தது.

உரிமம் வந்ததும் கலால் அதிகாரி வடிசாலைக்கு உள்ளேயே குடியேறினார். அவருக்கு வீடு கட்டிக் கொடுப்பது வடிசாலை உரிமையாளரின் கடமை. கிடங்குக் கதவில் இரண்டு பூட்டு: ஒரு சாவி மேலாளரிடம், மற்றது அதிகாரியிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது.

வாலையிலிருந்து இறங்கும் சாராயத்துக்கும் பூட்டு வந்தது. ‘ஸ்பிரிட் சேஃப்’ என்ற பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டி 1820களில் புழக்கத்துக்கு வந்தது. இன்று சுற்றிப் பார்க்க வருவோர் அதிகம் நின்று பார்க்கும் பொருள் இது. வாலையிலிருந்து வரும் சாராயம் முழுவதும் பெட்டிக்குள் உள்ள குழாய்வாய் வழியாகவே ஓட வேண்டும். முதலில் வருவது காரமான தலைச் சரக்கு, பிறகு நடுச் சரக்கு, கடைசியில் நாற்றமெடுக்கும் வால் சரக்கு. நடுவில் வருவது மட்டுமே பீப்பாய்க்குப் போகும். தலையும் வாலும் மறு வடிப்புக்குத் திரும்பும். எப்போது பிரிப்பது என்பதை வாலைக்காரர் கண்ணாலேயே முடிவு செய்தார். பெட்டிக்குள் மிதக்கும் திரவமானியைப் படிப்பார். வெளியே உள்ள பிடியைத் திருப்பிச் சாராயத்தில் தண்ணீர் கலந்து, கலங்குகிறதா தெளிகிறதா என்று பார்ப்பார். தெளிந்ததும் குழாய்வாயை நடுச் சரக்குப் பாத்திரத்துக்குத் தள்ளுவார். தொடவும் முடியாது, நுகரவும் முடியாது, நாக்கில் வைத்துப் பார்க்கவும் முடியாது. ஆயுள் முழுவதும் விஸ்கி வடித்தவர் தான் வடிப்பதை வேலைநேரத்தில் ருசி பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அதற்கு ஈடாக உருவான வழக்கம்தான் ‘டிராம்’. நாளுக்கு மூன்று முறை வரை வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, பீப்பாயில் ஏறாத புதுச் சாராயத்தை ஆளுக்கு ஒரு குவளை ஊற்றுவார்கள். தூசியும் அழுக்குமான வேலை என்றால் கூடுதலாக ஒன்று. அறுபது விழுக்காட்டுக்கு மேல் வீரியமுள்ள அந்தச் சாராயத்தைக் குடித்துவிட்டுக் கொதிக்கும் கொப்பரைகளுக்கு நடுவே வேலை பார்த்தார்கள். அப்படிக் கொடுத்தால் திருட்டு குறையும் என்பது கணக்கு. திருட்டு குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரு முனையில் செப்புக் காசைப் பற்றவைத்து அடைத்து, மறுமுனையில் தக்கை செருகிய செம்புக் குழாயைக் கால்சட்டைக்குள் தொங்கவிட்டுக் கிடங்குக்குள் போவார்கள். பீப்பாயில் முக்கி எடுத்தால் ஒரு மாலைக்குப் போதும். எந்நேரமும் எஜமானைப் பிரியாத அந்தக் குழாய்க்கு ‘நாய்’ என்று பெயர். பணியிடப் பாதுகாப்புச் சட்டம் 1974இல் வந்த பிறகு டிராம் வழக்கம் ஒவ்வொரு வடிசாலையாக நின்றுபோனது.

வரி, கூலி, வியாபாரம் எதற்கும் அல்லாமல் வெறுமனே பார்க்க வந்த முதல் பெரிய விருந்தாளி ஆல்ஃபிரட் பார்னார்ட். லண்டனில் வெளிவந்த மது வணிக இதழ் ஒன்றுக்காக 1885 முதல் 1887 வரை ரயிலிலும் குதிரை வண்டியிலும் படகிலும் அலைந்து, ஸ்காட்லாந்தில் மட்டும் 129 வடிசாலைகளைப் பார்த்தார். அயர்லாந்தையும் இங்கிலாந்தையும் சேர்த்து 1887இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் வரலாற்றாளர்களின் கைநூல். தொட்டி எத்தனை அடி, வாலை எத்தனை கேலன், தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது, அதிகாரி வீடு எங்கே என்று சலிக்காமல் எழுதிக்கொண்டே போகிறார். சுவை எப்படி என்று மட்டும் அவர் அநேகமாக எங்கும் சொல்வதில்லை. இன்றைய வாசகருக்கு இது விசித்திரமாகப் படும். அன்றைய நிலையில் அதில் விசித்திரம் இல்லை, ஏனென்றால் அந்த வடிசாலைகளின் சரக்கு பெரும்பாலும் தனித்து யாருடைய குவளைக்கும் போகவில்லை.

எடின்பரோ வணிகர் ஆண்ட்ரூ அஷர் 1853இல் பல பீப்பாய்ச் சரக்கைக் கலந்து விற்கத் தொடங்கினார். ஐனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற நெடுந்தூண் வாலை, நாள் முழுவதும் நிற்காமல் மலிவான தானியச் சாராயத்தை இறக்கியது. 1860ஆம் ஆண்டுச் சட்டம், வரி கட்டுமுன்பே மால்ட் விஸ்கியையும் தானியச் சாராயத்தையும் கலக்க அனுமதித்தது. நூற்றாண்டு முடிவதற்குள் வாக்கர், டுவர் போன்ற கலவை வணிகர்களின் பெயர்கள் உலகெங்கும் பரவின. மலைநாட்டு வடிசாலைகள் அவர்களுக்கு மூலப்பொருள் வழங்கும் பட்டறைகள் ஆயின. குடிப்பவருக்குப் பெயரே தெரியாத இடத்தைப் பார்க்க யார் வருவார்கள்? வந்தவர்கள் தரகர்களும் கலவைக்காரர்களும்தான். அவர்களுடைய மாதிரி அறைதான் இன்றைய சுவைக்கும் அறைக்கு முன்னோடி. அங்கே விஸ்கியைத் தண்ணீர் விட்டு 20 விழுக்காடு அளவுக்கு இறக்கி, வாய் குறுகிய குவளையில் ஊற்றி, மூக்கால் மட்டும் மதிப்பிட்டார்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பார்ப்பவர் விழுங்கத் தொடங்கினால் வேலை நடக்காது.

கலவை வணிகத்தை நம்பிய வடிசாலைகள் அது சரிந்தபோது கூடவே சரிந்தன. கலவை வணிகர்களான பாட்டிசன் சகோதரர்களின் நிறுவனம் 1898இல் திவாலானபோது தொழிலே ஆட்டங்கண்டது. பார்னார்ட் போனபோது 21 வடிசாலைகள் புகைந்துகொண்டிருந்த கேம்பல்டவுன் துறைமுக ஊரில், அமெரிக்க மதுவிலக்கும் 1930களின் மந்தமும் முடிந்தபோது ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா என்ற இரண்டுதான் மிஞ்சின.

பார்னார்டின் நூல் வந்த 1887ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில், டஃப்டவுன் ஊரில் வில்லியம் கிரான்ட் என்பவர் கட்டிய கிளென்ஃபிடிக் வடிசாலையில் முதல் சாராயம் இறங்கியது. கட்டட வேலையில் பெரும்பகுதியைப் பிள்ளைகளை வைத்தே முடித்திருந்தார். வாலைகள் புதியவை அல்ல. கார்டூவில் ஹெலனுக்குப் பின் பொறுப்பேற்ற மருமகள் எலிசபெத் கமிங் புது வடிசாலை கட்டியபோது கழித்த பழைய வாலைகளை கிரான்ட் மலிவு விலைக்கு வாங்கினார். கலவைக்குச் சரக்கு கொடுப்பதை மட்டும் நம்பியிருந்தால் பெரிய நிறுவனங்கள் ஒரு நாள் வாங்குவதை நிறுத்திவிடலாம் என்பது அந்தக் குடும்பத்தின் அச்சம். அதனால் 1963இல் கிளென்ஃபிடிக்கைக் கலக்காத ஒற்றை மால்ட் விஸ்கியாக, முக்கோணப் புட்டியில் அடைத்து வெளிநாடுகளில் விற்கத் தொடங்கினார்கள். புட்டியின் மேல் ஊர்ப் பெயர் வந்ததும் அந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டவர்களும் வந்தார்கள். பழைய மால்ட் களஞ்சியத்தைச் சீர்செய்து 1969இல் வரவேற்புக்கூடம் திறந்து, சுற்றிக் காட்டி, ஒரு டிராம் ஊற்றிக் கொடுத்தார்கள். மற்ற நிறுவனங்கள் முதலில் இதை விளம்பரக் கூத்து என்று நினைத்தன. தொழிற்சாலைக்குள் எவரையும் விட்டால் வேலை கெடும் என்ற எண்ணமும் இருந்தது.

அந்த எண்ணத்தை 1980களின் நெருக்கடி மாற்றியது. தேவைக்கு மேல் வடித்த விஸ்கி கிடங்குகளில் தேங்கியது. பெரிய நிறுவனம் ஒன்று 1983இலும் 1985இலும் இருபதுக்கும் மேற்பட்ட வடிசாலைகளை மூடியது. ஐலா தீவின் போர்ட் எல்லன், வடக்கிலுள்ள பிரோரா இரண்டும் அப்போது அணைந்தவை. கலவை விஸ்கி தேங்க, ஒற்றை மால்ட்டுக்கு மட்டும் கிராக்கி ஏறியது. ஒற்றை மால்ட்டை விற்க வேண்டுமானால் அது வடிந்த இடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். கலால் அதிகாரிகளும் 1983இல் வடிசாலைகளை விட்டு வெளியேறினார்கள். கணக்கை நிறுவனங்களே பராமரிக்க, அரசு அவ்வப்போது தணிக்கை செய்யும் முறை வந்தது. இரட்டைப் பூட்டுகள் கழன்றன. வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த நிர்வாக மாற்றம் இல்லாமல், கிடங்குக்குள் விருந்தாளிகளை நிறுத்தி பீப்பாயிலிருந்து நேரே ஊற்றிக் கொடுப்பது எளிதாயிருக்காது. ஐலாவில் 1981இல் மூடிய ஆர்ட்பெக் வடிசாலையை 1997இல் கிளென்மோரஞ்சி நிறுவனம் வாங்கியபோது, முதலில் செய்த வேலைகளில் ஒன்று பழைய மால்ட் உலைக்களத்தை உணவகமும் கடையுமாக மாற்றியது.

இன்றைய சுற்றுலா சரக்கு உருவாகும் வரிசையிலேயே நடக்கிறது. ஒருசில வடிசாலைகளே இன்னும் பார்லியைத் தளத்தில் பரப்பி மரப்பலகையால் புரட்டி முளைகட்டுகின்றன. மற்றவை வெளியிலிருந்து வாங்குகின்றன. ஐலா போன்ற இடங்களில் முளைவிட்ட தானியத்தை உலர்த்த பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணை எரிக்கிறார்கள். ஐலா விஸ்கியின் புகைவாசம் அந்தக் கட்டத்தில் ஏறுவது. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரைச் சாற்றை வடித்து, ஈஸ்ட் சேர்த்து மரத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் விடுகிறார்கள். ஊறல் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்வது வழிகாட்டிகளின் வாடிக்கையான விளையாட்டு. மேலே தேங்கியிருக்கும் கரியமில வாயு மூக்கில் அறைந்தாற்போல ஏறும். சுமார் 8 விழுக்காடு வீரியத்துக்கு வந்த ஊறல், இரண்டு முறை வடித்ததும் 70 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். சாராய ஆவிக்குப் பயந்து வாலைக் கூடத்தில் படம் எடுக்கப் பல இடங்களில் அனுமதி இல்லை.

பிறகு கிடங்கு. ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, மூன்று ஆண்டு முதிர்ந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச் விஸ்கி. முதிரும்போது ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவு ஆவியாகிக் குறையும். தேவதைகளின் பங்கு என்று அதைச் சொல்வார்கள். பெங்களூர் வெப்பத்தில் இந்த இழப்பு பல மடங்கு. 2004இல் அம்ருத் நிறுவனம் தன் ஒற்றை மால்ட்டைக் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தபோது, குறைந்த ஆண்டுகளில் முதிர்ந்த சரக்காக அது இருந்ததற்கும் அந்த வெப்பமே காரணம்.

சுவைக்கும் அறையில் நடப்பது பெரும்பாலும் கலவைக்காரர்களின் பழைய முறைதான், ஒரே வேறுபாடு இங்கே விழுங்கலாம். அடி அகன்று வாய் குறுகிய கிளென்கேர்ன் குவளை 2001இல் விற்பனைக்கு வந்து எல்லா அறைகளிலும் இடம்பிடித்துவிட்டது. மென்மையானதை முதலிலும் புகைவாசம் கூடியதைக் கடைசியிலும் வைப்பார்கள், மாற்றி வைத்தால் பிந்தையது நாக்கில் தெரியாது. முதலில் நிறம், பிறகு மணம், ஒரு வாய், அதற்குப் பின் சில சொட்டுத் தண்ணீர், மீண்டும் ஒரு வாய். பீப்பாய்க்குள் செம்பு உறிஞ்சுகுழாயை விட்டு எடுத்து ஊற்றுவதற்குத் தனிக் கட்டணம். 2014 டிசம்பரில் ஸ்காட்லாந்து, வண்டி ஓட்டுவோர் இரத்தத்தில் அனுமதிக்கும் சாராய அளவை 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்தது. அதன்பின் வண்டி ஓட்டி வந்தவருக்கு அவருடைய பங்கைச் சிறு புட்டிகளில் அடைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது எங்கும் நடைமுறை.

புதிதாகத் தொடங்குபவர்களின் கணக்கு இப்போது தலைகீழ். மூன்று ஆண்டு முடியும்வரை விற்க விஸ்கி இருக்காது, ஆனால் வரவேற்புக்கூடத்தை முதல் நாளே திறந்துவிடலாம். ஹாரிஸ் தீவில் 2015இல் தொடங்கிய வடிசாலை, கடற்பாசி சேர்த்த ஜின்னை வடித்து வருவோருக்கும் வெளியூர்களுக்கும் விற்று ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அதன் முதல் விஸ்கியான ‘ஹெராக்’ 2023 செப்டம்பரில்தான் புட்டிக்கு வந்தது.